தக்காளிக்குக் காவல் நின்ற சதுரங்கள்

“...கழட்டி உங்க கையில குடுத்துட்டு நான் என்னாண்ணா பண்றது? அந்த எடத்துல நானே போயி தொங்கட்டுமா?” என்றாள் ரோசலி.

தொங்கினாலும் தொங்குவாள். சின்ன வயதிலிருந்தே பேச்சில் யாருக்கும் இடம் கொடுக்காதவள். இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டாள், வாய் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. இண்டூரில் அவள் வீட்டு முன்வாசல் நிலைக்கு மேலே, வெயிலும் மழையும் தின்றது போக மிச்சமாக ஒரு தகரப் பலகை. அதில் சாம்பல் நிறத்தில் சதுரங்கள், ஒரு பெரிய முக்கோணம், குறுக்கே கறுப்பாக ஒரு சரிவு. பக்கத்தில் கறுப்புக் கயிற்றில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும். எலுமிச்சை புதிது. படம் நான் வரைந்தது.

அதைக் கேட்கப் போனதற்குக் காரணம் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பையன். சேலத்தில் கட்டடக்கலை படிக்கிறான். போன வாரம் செல்போனில் படம் படமாகக் காட்டினான். எந்தெந்த நாட்டிலோ பெரிய பெரிய கான்கிரீட் கட்டடங்கள். பூச்சு இல்லை, வெள்ளை இல்லை, மொட்டையாக நிற்கின்றன. “அங்கிள், இதுக்குப் பேரு புரூட்டலிசம். பூசாம விடறதுதான் இதோட ஸ்டைலே” என்றான். அந்தக் கட்டடங்களைப் பார்த்துக் கட்டமும் கோடுமாக வரைகிறவர்கள் இருக்கிறார்களாம், சுவரில் மாட்டி மணிக்கணக்காக நின்று பார்க்கிறவர்களும் இருக்கிறார்களாம். “நானும் வரைஞ்சிருக்கேன் தம்பி, எண்பதுகள்லயே” என்றேன். பெரியவர்களுக்கென்று பிள்ளைகள் தனியாக ஒரு சிரிப்பு வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதைச் சிரித்தான். மறுநாள் காலை நான் இண்டூர் பஸ்ஸில் இருந்தேன்.

ரோசலி வீட்டுக்கு எதிர்ப்புறம் யாரோ மாடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். காலையில் ஊற்றிய தளத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் வாசனை வந்தது. ஈர சிமென்ட் வாசனை சிலருக்கு வீட்டுக்கடனை ஞாபகப்படுத்தும். எனக்கு ஒரு மண்டபத்தை ஞாபகப்படுத்தும்.

அப்போது தருமபுரியில் நானும் சவரிமுத்துவும் சேர்ந்து போர்டு எழுதும் கடை வைத்திருந்தோம். சவரி ரோசலியின் அண்ணன். எழுத்து அவன் கை. பூ, கொடி, பசுமாடு, பல்செட்டு எல்லாம் என் கை. பல் டாக்டர் போர்டுக்கு நான் போட்ட பல்வரிசையைப் பார்த்து ஒரு குழந்தை அழுதது உண்டு. எந்தப் பள்ளியிலும் படித்து வந்த கை இல்லை அது.

இண்டூர் போகிற வழியில் ஒரு கிராமம். பேர் வேண்டாம், இன்னமும் திருவிழாச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள், கெடுத்துக்கொள்வானேன். அங்கே கோயிலுக்குப் பக்கத்தில், கோயில் என்றால் அந்த ஊரில் மாதா கோயில், புதிதாக ஒரு மண்டபம் கட்டினார்கள். பங்குச் சாமியார் பெங்களூரிலிருந்து ஒரு என்ஜினீயரைப் பிடித்து வந்திருந்தார். அந்த மனிதர் முழுக்க முழுக்கக் கான்கிரீட்டில் கட்டி, ஊற்றுவதற்கு அடைத்த மரப்பலகையைப் பிரித்ததும், “அவ்வளவுதான், முடிந்தது” என்று பஸ் ஏறிவிட்டார். பலகையின் ரேகை, முடிச்சு, ஆணித் தலை எல்லாம் சுவரில் அச்சாகப் பதிந்திருந்தது. சன்னல் என்று பார்த்தால் ஆழமான சதுர ஓட்டைகள். கூரையிலிருந்து கனமான கான்கிரீட் பலகை ஒன்று சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது, எதற்கு என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

கொத்து மேஸ்திரி கோவிந்தன் வழக்கப்படி வேலை தொடங்கும்போதே வாசலுக்கு மேல் ஒரு திருஷ்டி பொம்மை கட்டியிருந்தார். வைக்கோல் உடம்பு, பானைத் தலை, சுண்ணாம்பில் முழி. கட்டி முடித்துப் பால் காய்ச்சுகிற அன்றைக்கு இறக்குவது முறை. மண்டபத்தை மந்திரித்துத் திறக்கிற நாளுக்கு முந்தின நாள் சாமியார் கூப்பிட்டுச் சொன்னார்.

“கோவிந்தா, பொம்மைய எறக்கிடு.”

“வேல முடிஞ்சதும் எறக்கறங்க சாமி.”

“முடிஞ்சிடுச்சேப்பா.”

மேஸ்திரி மண்டபத்தைக் கீழிருந்து மேல் பார்த்தார். “எங்கங்க முடிஞ்சுது? பூச்சு?”

“பூச்சு கெடையாது. இப்படியேதான்.”

“அப்ப முடியல” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

தானே ஏணி வைத்து இறக்கலாம் என்று சாமியார் பார்த்தார். ஏணியும் மேஸ்திரியுடையது. ஆக, தோரணம், ஒலிபெருக்கி, பாட்டுக் குழு எல்லாம் கீழே; வாசலுக்கு மேலே முழித்துக்கொண்டு அந்தப் பொம்மை. வந்த ஜனமெல்லாம் சுவரைத் தடவிப் பார்த்து உச்சுக் கொட்டியது. “பாவம் சாமியாரு, பாதியில நின்னுபோச்சு.” ஒரு குடியானவர் அடுத்த வாரம் ஒரு வண்டி ஆற்றுமணல் கொண்டுவந்து மண்டபத்துக்கு முன்னால் கொட்டினார். “பூச்சுக்கு என் பங்குங்க.” வேண்டாம் என்று சொன்னால் நேர்த்திக்கடனைத் தடுத்த பாவம் வரும் என்று சாமியார் பேசாமல் இருந்தார். அதைப் பார்த்து இன்னொருவர் கொட்டினார். அறுப்பு முடிந்த கையோடு மேஸ்திரியும் வருஷம் தவறாமல் வந்து பொம்மைக்கு வைக்கோல் மாற்றிவிட்டுப் போவார். ஒரு வருஷம் சட்டை கிடைக்கவில்லை என்று சாமியாரிடமே ஒரு பழைய சட்டை கேட்டு வாங்கி மாட்டினார். சாமியார் கொடுத்தார் என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

நான் அங்கே போனது மண்டபத்தின் நெற்றியில் பேர் எழுத. போனால் என்ஜினீயர் எழுத்தே கூடாது என்று சொல்லிவிட்டாராம். வந்த பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரும்வரை புங்கமரத்தடியில் உட்கார்ந்து அந்தக் கட்டடத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அந்தப் பஸ் நேரத்துக்கு வந்திருந்தால் நான் ஒழுங்கான மனிதனாக இருந்திருப்பேன். வரவில்லை. வெயில் சாயச் சாய, நீட்டிக்கொண்டு நின்ற அந்தப் பலகையின் நிழல் சுவரில் சரிந்து இறங்கியது. சதுர ஓட்டைகள் ஒவ்வொன்றாக இருட்டை நிரப்பிக்கொண்டன. சாம்பல் ஒரு நிறம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்கு அந்தச் சுவரில் புறாச் சாம்பல், அடுப்புச் சாம்பல், மழைக்கு முந்தின வானச் சாம்பல், எருமைக்கன்றுச் சாம்பல் எல்லாம் இருந்தன. பஸ் வந்ததும் போனதும் எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து பிடித்துக்கொண்டது. கடை மூடிப்போனவர்கள் விட்டுச்சென்ற பழைய தகரப் போர்டுகள் எங்களிடம் குவிந்து கிடந்தன. அவற்றின் மேல் சாம்பல் பெயின்ட் அடித்து, நூலில் நீலப்பொடி தடவி இழுத்துச் சுண்டிக் கோடு போட்டு, சதுரமும் முக்கோணமுமாக வரைய ஆரம்பித்தேன். அவசரத்தில் ஒரு கை குறைவாகப் பூசினால் அடியிலிருந்து ‘சோடா கலர்’ என்றோ ‘சைக்கிள் வாடகைக்கு’ என்றோ மங்கலாக எட்டிப் பார்க்கும். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

சவரி வந்து பார்த்தான்.

“எழுத்து எங்கடா?”

“எழுத்து இல்ல. படம்.”

“யாரு படம்?”

“யாரு படமும் இல்லடா. சும்மா படம்.”

அவன் போர்டைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான். “இப்ப?” என்று என்னிடம் கேட்டான்.

கடைக்கு வருகிறவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர் கக்கூஸ் பிளான் என்றார். ஒருவர், “நெலம் பாகம் பிரிச்சதா? நடுவுல இருக்கற முக்கோணம் யாருக்குப் போச்சு? ஏமாந்தவன் யாரு?” என்று உண்மையாகவே கவலைப்பட்டார். எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது, சொன்னால் சிரிக்கக் கூடாது. யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், இது பார்க்க நன்றாக இருக்கிறது என்பதற்காக இதை மாட்டவேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

அந்த வருஷம் மாதா திருவிழாவில் அந்த மண்டபத்துக்குள்ளேயே என் படங்களை வைக்கச் சாமியார் அனுமதி கொடுத்தார். பிறந்த வீட்டுக்கே போனது மாதிரி, மொட்டைச் சுவரில் என் மொட்டைப் படங்கள். காலையிலிருந்து மாலைவரை சலவைச் சட்டையோடு பக்கத்தில் நின்றேன். கூட்டம் வந்தது. ஒரு படத்தின் ஆணியில் ஒரு அம்மா தூக்குப் போசியை மாட்டிவிட்டு, “தம்பி, கொஞ்சம் பாத்துக்க” என்று தேர்ப் பவனிக்குப் போனார். இன்னொரு படத்தின் பின்னால் செருப்புகள் சேர்ந்தன. பூச்சுக்கு முன்னால் வைக்கிற தட்டி என்று நினைத்தார்களாம்.

சாயந்திரம் ஒருவர் வந்து நின்றார். பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி போடுகிற முனுசாமி கவுண்டர். நின்றார், நின்றார், அப்படி நின்றார். கிட்டே போனார், தள்ளி வந்தார், தலையைச் சாய்த்தார்.

“தம்பி, இத நீதான் போட்டியா?”

“ஆமாங்க.”

“இத எனக்குக் குடுக்கறியா?”

கேட்டதுதான் தாமதம், ஆணியிலிருந்து கழற்றிவிட்டேன். “வூட்ல எங்கங்க மாட்டுவீங்க?” என்று கேட்டேன்.

“வூட்ல என்னாத்துக்கு? தோட்டத்துல.”

“தோட்டத்துலயா?”

“தக்காளி இந்த வருஷம் செவசெவன்னு காய்ச்சிருக்குது தம்பி. ரோட்டோரம் வேற. பஸ்ல போறவன் எல்லாம் தலைய வெளிய நீட்டிப் பாக்கறான். போன வாரம் வர மொளகா சுத்தி அடுப்புல போட்டா நெடியே வரல. தும்மலு கூட இல்ல. அவ்ளோ கண்ணு பட்டிருக்குது. பொம்ம வெச்சேன். பொம்மைய எவன் இப்பப் பாக்கறான்? உன்னுத பாரு, இது என்னா எழவுடான்னு நானே இவ்ளோ நேரம் நின்னுட்டேன். இதப் பாத்தவன் தக்காளியப் பாக்க மாட்டான்.”

“கண்ணு என் படத்து மேல பட்டா?”

முனுசாமி கவுண்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “அழகா இருக்கறது மேலதான தம்பி கண்ணு படும்? இதுக்கு என்னா ஆவப்போவுது!”

எடுத்துக்கொண்டு போனார். இரண்டு கம்பு நட்டு ரோட்டைப் பார்த்துக் கட்டினார். சவரிதான் பார்த்துவிட்டு வந்து சொன்னான். கர்நாடகா லாரி ஒன்று நின்றதாம், டிரைவர் இறங்கினானாம், படத்துக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றானாம், “ஏனப்பா இது?”, அதாவது என்னப்பா இது, என்று கன்னடத்தில் தன்னைத்தானே கேட்டுக்கொண்டானாம், தக்காளிப் பக்கம் திரும்பாமலே வண்டியை எடுத்தானாம். அந்த வருஷம் பாலக்கோடு சந்தையில் முனுசாமி கவுண்டர் தக்காளிக்குத்தான் முதல் மரியாதை.

அப்புறம் நடந்ததை நான் சொன்னால் நீங்கள் நம்பவேண்டும். வேண்டாம், பாதி நம்பினால் போதும். தக்காளிக்காரர்கள் வந்தார்கள். புது டிராக்டர் வாங்கியவர் வந்தார். கட்டடம் எடுக்கிறவர்கள் வந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் எது நல்லதாக இருந்தாலும் அதன் முன்னால் என் படம் ஒன்று நின்றது. வத்தல்மலையிலிருந்து ஒருவர் வந்து, தன் கடுகுக் கொல்லைக்கு என்று வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு மலையேறினார். வழியில் மழை பிடித்துக்கொண்டதாம். “உங்க படத்துல ஒரு சொட்டு ஒழுகலைங்க” என்று அடுத்த சந்தைக்கு வந்தபோது மனம் நிறைந்து சொன்னார். என் படத்தைப் பற்றி யாரும் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

பேர் வந்ததும் குறை சொல்வதும் வந்தது. “அந்த முக்கோணத்த இன்னும் கொஞ்சம் கொழப்பமா போட்டுக் குடுங்க.” “எங்க பங்காளி கொல்லையில இருக்கறதவிட வெளங்காததா ஒண்ணு.” ஒருநாள் ஒருவர் படத்தைத் துணியில் சுற்றித் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். முகமெல்லாம் வருத்தம்.

“என்னாங்க, பெயின்ட் உரியுதுங்களா?”

“பெயின்ட் நல்லாத்தாங்க இருக்குது. எங்க சின்னப் பையன் நேத்து பாத்துட்டு, வாட்டர் டேங்குன்னுட்டான். அப்புறம் நானும் பாத்தேன். வாட்டர் டேங்குதான். புரிஞ்சிபோச்சுங்க. இனிமே எப்படி வெக்கறது? வேற குடுங்க.”

மாற்றிக் கொடுத்தேன். சவரி கல்லா மேல் தலையை வைத்து அரைமணி நேரம் சிரித்தான். “டேய், ஒலகத்துலயே படம் புரிஞ்சிடுச்சுன்னு ரிட்டர்ன் வாங்கின ஒரே ஆளு நீதான்டா.” கடைக்கு ‘கண்ணுப் பலகைக் கடை’ என்றே பேராகிவிட்டது. வயிறு நிறைந்தது. ஆனால் பாருங்கள், ஊர் முழுக்க என் படம் தொங்குகிறது, அத்தனையும் கண் படாது என்கிற நம்பிக்கையில் தொங்குகிறது. அழகு இல்லை என்று ஊரே கூடிக் கையெழுத்துப் போட்டு வெளியில் மாட்டியது போல இருந்தது எனக்கு.

அப்போதுதான் ரோசலிக்குக் கல்யாணம் நிச்சயமானது. எவர்சில்வர் குடம், சுவர்க் கடிகாரம் என்று எல்லாரும் யோசித்தபோது நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இருந்ததில் நல்ல தகரமாக எடுத்தேன். புங்கமரத்தடியில் அன்றைக்குப் பார்த்தேனே, அந்தச் சரிந்த நிழல், அந்த இருண்ட சதுரங்கள், அதை மட்டும் வரைந்தேன். புறாச் சாம்பல் வரும்வரை கலந்தேன். கண்ணுப் பலகைக் கடை ஆன பிறகு, வாங்குகிறவரை நினைக்காமல் நான் வரைந்த ஒரே படம் அதுதான். ஜிகினாத் தாள் சுற்றி அவள் கையில் கொடுத்து, “உள்ள மாட்டும்மா. கல்யாண போட்டோ பக்கத்துல” என்று இரண்டு தடவை சொன்னேன். “சரிங்கண்ணா” என்று மாலைக்குள்ளிருந்து தலையாட்டினாள்.

பிறகு ஒருநாள் இண்டூருக்கு வேலையாகப் போனவன் எட்டிப் பார்த்தேன். வாசல் நிலைக்கு மேலே, தெருவைப் பார்த்து, எலுமிச்சம்பழத்தோடு.

ரோசலி ஓடிவந்தாள். “மாமியா சொன்னாங்கண்ணா. வூடு கட்டி நாலு மாசமா வாசலு மொட்டையா கெடந்துச்சாம். நல்லவேள, பாத்து இப்படி ஒண்ணு குடுத்தாருன்னு உங்கள வாயாற வாழ்த்தினாங்க.”

“சாமியாரு வந்தா ஒண்ணும் சொல்லலியா?”

“கேட்டாரு. படம்னு சொல்லிட்டேன்.”

சாமியாரிடம் பொய்யாகத்தான் என்றாலும், ஒருத்தி அதைப் படம் என்று சொல்லியிருக்கிறாள். அதை வைத்துக்கொண்டு நான் பஸ் ஏறினேன்.

அந்தச் சாமியார் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் முதலில் பார்த்தது மண்டபத்தை அல்ல, மணலை. அதற்குள் அது சின்னக் குன்று ஆகியிருந்தது, அதன்மேல் ஒரு நாய் குட்டி போட்டு வளர்த்து முடித்திருந்தது. “இவ்வளவு மணல் கிடக்கும்போது ஏன் பூசாமல் வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டார். ஊர் காத்திருந்த கேள்வி அது. கோவிந்தன் மேஸ்திரி தன் ஆட்களோடு வந்து இறங்கினார். பலகை ரேகையெல்லாம் மறைய மழமழவென்று பூசி, ரோஸ் கலர் அடித்து, நீட்டிக்கொண்டிருந்த அந்தப் பலகைக்கு ஓரத்தில் பூ வேலையும் வைத்தார். கடைசியில் ஏணி போட்டு ஏறி, இத்தனை வருஷம் முழித்துக்கொண்டிருந்த பொம்மையை அவிழ்த்துக் கீழே இறக்கி, “இப்பதாங்க முடிஞ்சுது” என்றார். ஜனம் கைதட்டியது. நான் புங்கமரத்தடியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். “அடடா, உனுக்கே இவ்ளோ சந்தோசமா!” என்று மேஸ்திரி என் முதுகில் தட்டினார். அவர் கையிலிருந்த சிமென்ட் சட்டையில் ஒட்டியது. அதையும் கொஞ்ச நாள் துவைக்காமல் வைத்திருந்தேன். பைத்தியம்தான்.

இப்போது அந்த ரோஸ் மண்டபமும் இல்லை. இடித்துவிட்டு ஏசி வைத்த கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். புங்கமரம் பார்க்கிங் ஆகிவிட்டது. சவரி போய்ச் சேர்ந்துவிட்டான். போர்டு எழுதுகிற வேலை அவனுக்கு முன்னாலேயே ஃபிளெக்ஸில் போய்ச் சேர்ந்திருந்தது. முனுசாமி கவுண்டர் தோட்டத்தில் இப்போது பிளாட் போட்டிருக்கிறார்கள், சதுரம் சதுரமாக, நடுவில் ஒரு முக்கோணம் கூட இருக்கிறது. என் படங்களில் ஒன்று கோழிக் கூண்டுக்குக் கூரையாகக் கிடக்கப் பார்த்தேன், ஒன்று சாக்கடைக்கு மூடியாக. கண் திருஷ்டிக்கு இப்போது எல்லாரும் வாசலில் கண்ணாடி வைக்கிறார்கள், கடையில் விற்கிற ராட்சச முகம் வைக்கிறார்கள். அன்றைக்கு அந்தச் சுவரில் சாய்ந்த நிழலுக்கு இந்த உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரே சாட்சி ரோசலி வீட்டு வாசலில்தான் இருக்கிறது.

அதனால்தான் கேட்டேன். அவள் தரமாட்டேன் என்றதும் தெருவில் நின்றே பார்த்தேன். துரு ஏறியதில் சாம்பலுக்குள் ஒரு செம்மண் நிறம் வந்திருந்தது. நான் கலக்கத் தெரியாமல் விட்ட நிறம். எவ்வளவு நேரம் பார்த்தேனோ, எதிர்க் கட்டடத்தில் தண்ணீர் தெளித்த ஆள் குழாயை மூடிவிட்டு வந்து, நான் பார்ப்பதை அவனும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனான்.

ரோசலி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று உள்ளே போனாள். ஒரு கையில் கல்லுப்பும் வரமிளகாயும், இன்னொரு கையில் முக்காலியுமாக வந்தாள். தூரத்திலிருந்து வந்த கிழவன், வெயிலில் நிற்கிறான், எனக்குத்தான் சுற்றப்போகிறாள் என்று நான் தலையைக் குனிந்து கொடுத்தேன்.

“நீங்க தள்ளி நில்லுங்கண்ணா” என்றாள். “ஒரு பொருள இப்படியா பாக்கறது, முழுங்கற மாதிரி? நல்லா இருந்தா இருந்துட்டுப் போவுது.”

முக்காலியில் ஏறினாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, உப்பு மிளகாயைப் படத்துக்கு முன்னால் வலமாகவும் இடமாகவும் சுற்றினாள். தூ, தூ, தூ என்று துப்பினாள். இறங்கி, சந்தில் எரிந்துகொண்டிருந்த வெந்நீர் அடுப்புக்குள் போட்டாள். உப்பு படபடவென்று வெடித்தது. மிளகாய் கருகியது. இரண்டு பேரும் மூக்கைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றோம். நெடி இல்லை, தும்மல் இல்லை. ரோசலி குனிந்து அடுப்பை முகர்ந்து பார்த்தாள், நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள், உள்ளே போய் இன்னொரு பிடி உப்பு அள்ளிக்கொண்டு வந்தாள்.